தினம் 15 நிமிடம்: ஆண்டவரோடு தனியாகப் பேசிப் பழகப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற பலருக்கும் தனியாக உட்கார்ந்து ஜெபிக்கத் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், ஐயர் (சபைப் போதகர்) ஜெபிக்காமல், அம்மா ஜெபிக்காமல், நானாக வாய் திறந்தால் இரண்டு நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துபோகிறது என்று தெரிந்தது. ஏழு வருடம் ஆரம்பித்து ஆரம்பித்து விட்டேன். எந்தெந்த இடத்தில் சறுக்கினேன், பிறகு எது கைகொடுத்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கும், என்னைப் போல வீட்டு வழக்கமாகவே கிறிஸ்தவராக இருந்துவிட்டவர்களுக்கும் இது உதவும். கத்தோலிக்கர்கள் செபம் என்பார்கள், நாங்கள் ஜெபம் என்போம். கீழே சொல்வது இரண்டு வீட்டுக்கும் பொருந்தும்.

1. மனு கொடுக்கப் போகவில்லை என்பதை மனதில் வையுங்கள்

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர் என்ன செய்வார்? மனுவை எழுதுவார், வரிசையில் நிற்பார், கொடுப்பார், ரசீது வாங்குவார், வந்துவிடுவார். மறுபடி போவது அடுத்த பிரச்சினை வரும்போதுதான். என் ஜெபம் பல வருடம் இப்படித்தான் இருந்தது. சம்பாவுக்கு மழை வேண்டும், பையனுக்குக் காய்ச்சல் நிற்க வேண்டும், கூட்டுறவு சங்கக் கடன் கிடைக்க வேண்டும். கேட்பது தவறில்லை, கேட்கச் சொன்னவரே அவர்தான். ஆனால் கேட்பது மட்டுமே இருந்தால் பழக்கம் வளராது.

யோவான் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களிடம் "நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்" என்கிறார். கடைசி இரவில், பிடிபடுவதற்குச் சற்று முன் சொன்ன சொல் அது. யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில், ஒருவன் தன் சிநேகிதனோடு பேசுவதுபோல மோசேயோடு கர்த்தர் பேசினார் என்று இருக்கிறது. ஆபிரகாமுக்குத் தேவனுடைய சிநேகிதன் என்றே பெயர் (யாக்கோபு 2:23). சிநேகிதரிடம் வேலை இருந்தால்தான் போவோம் என்பதில்லையே. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்போம், இன்றைக்கு நடந்ததைச் சொல்வோம், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். தினசரி ஜெபத்தை இப்படி நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். மற்றப் படிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

2. தேவையானவை, செலவு

வேதாகமம் ஒன்று. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் புதிது வேண்டாம். இல்லாதவர்கள் முழு வேதாகமம்தான் வாங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். புதிய ஏற்பாடும் சங்கீதமும் (வேதாகமத்தில் உள்ள பாடல்கள்) சேர்ந்த சின்னப் புத்தகம் போதும், விலையும் குறைவு. சபைகளில் இலவசமாகவும் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால் எளிய தமிழில் வந்திருப்பதை எடுத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு இன்றைய தமிழுக்கு நெருக்கமானது. அதில் சங்கீதம் என்பது 'திருப்பாடல்கள்' என்று இருக்கும், தேடிக் குழம்ப வேண்டாம். நம் தரங்கம்பாடியில் 1715-இலேயே புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. அதனால் நம் மொழியில் கிடைக்கவில்லை என்கிற குறை நமக்கு இல்லை.

நோட்டு ஒன்று, 80 பக்கம். பேனா பால்பாயின்ட்டாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஜெல் பேனா மை ஊறிப்போய் என் முதல் நோட்டில் பாதி பக்கம் படிக்க முடியாமல் போனது. நோட்டும் பேனாவும் சேர்ந்து 50 ரூபாயைத் தாண்டாது.

டார்ச் அல்லது சார்ஜ் விளக்கு. கொசுவர்த்தியோ மின்விசிறியோ, வயல் ஓரத்து வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கால் சொறிந்துகொண்டே ஜெபிக்க முடியாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு: வாசித்துக் காட்டும் வேதாகமச் செயலிகள் தமிழில் இலவசமாகவே இருக்கின்றன. என் மாமியார் அப்படித்தான் கேட்கிறார். முதல் நாளிலேயே போனை ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான் செலவு. ஜெபிப்பதற்கு வேறு எதற்கும் பணம் தேவையில்லை. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. நேரம், இடம்

மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து தனியான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று இருக்கிறது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசலில் கூடியிருந்தது. வேலை அதிகமான மறுநாள் காலையில்தான் அவர் தனியாகப் போயிருக்கிறார்.

எனக்கு மன்னார்குடிக்கு 7:40 பஸ். அதனால் 5:15-க்கு எழுந்திருப்பது என்று வைத்துக்கொண்டேன். உங்களுக்குக் காலைதான் ஒத்துவரும் என்று இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியுமுன் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வரப்பு நிழலில் பத்து நிமிடம் நல்ல நேரம். இரவுப் பணி பார்க்கிறவர்களுக்கு வீடு திரும்பியவுடன். தானியேல் ஒரு நாளைக்கு மூன்று வேளை ஜெபித்தான். நேரம் எதுவாக இருந்தாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் கிடைக்கவே கிடைக்காது, இது என் ஏழு வருடப் பாடம்.

மத்தேயு 6:6-இல் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று இருக்கிறது. நம் வீடுகளில் பூட்டிக்கொள்ளத் தனி அறை எங்கே இருக்கிறது? நான் முதலில் சமையலறையில் உட்கார்ந்தேன். அடுப்பைப் பார்த்தால் இட்லி மாவு ஞாபகம் வந்தது. பிறகு கொல்லைப்பக்கத் தாழ்வாரத்துக்கு மாறினேன். மழைக்காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறையில் ஒரு மூலை. வேறு சமயத்தைச் சேர்ந்த குடும்பத்தில் ஒருவர் மட்டும் விசுவாசத்துக்கு வந்திருந்தால் வீட்டாரோடு சண்டை போட்டு இடம் பிடிக்க வேண்டாம். கண்ணைத் திறந்தபடி, வாசல் தெளித்துக்கொண்டே மனசுக்குள் பேசலாம். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விடியலிலேயே பாடத் தொடங்கும். கோபப்பட்டு ஜன்னலைச் சாத்தாமல், அந்தச் சத்தத்தையே எழுப்பு மணியாக எடுத்துக்கொண்டேன்.

4. முதல் 15 நிமிடம் எப்படிப் போக வேண்டும்

ஒரு மணி நேரம் என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு கூட்டத்தில் தினம் ஒரு மணி நேரம் என்று கை உயர்த்தித் தீர்மானம் எடுத்துவிட்டு வந்து ஐந்தாம் நாள் நின்றேன், அப்புறம் ஆறு மாதம் குற்ற உணர்வில் பக்கத்திலேயே போகவில்லை. 15 நிமிடம் போதும். நான் பிரித்துக்கொண்ட விதம் இது:

முதல் 2 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மூச்சு நிதானமாகட்டும். "ஆண்டவரே, வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

அடுத்த 5 நிமிடம் வாசிப்பு. சத்தமாக, மெதுவாக. ஒரு வரி பிடித்து நிறுத்தினால் அதற்கு மேல் போக வேண்டாம்.

அடுத்த 5 நிமிடம் பேசுங்கள். என்ன பேசுவது என்று கீழே 6இல் இருக்கிறது.

கடைசி 3 நிமிடம் மறுபடி சும்மா இருப்பது. ஆரம்பத்தில் இதுதான் ரொம்பக் கஷ்டம். மனசு பால்காரர் பாக்கி, பஸ் பாஸ் என்று ஓடும். ஓடினால் விரட்ட வேண்டாம். ஓடிப்போன விஷயத்தையே அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து நேரம் தானாக நீண்டால் நீளட்டும்.

5. என்ன வாசிப்பது

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகாதீர்கள். லேவியராகமத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒருவரோடு பழக வேண்டுமானால் முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டும். ஆகவே இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற சுவிசேஷம்.

மாற்கு 16 அதிகாரம், தினம் ஒன்று. பிறகு யோவான் 21. பிறகு லூக்கா 24. இதற்கு 61 நாள். விட்டுப்போகும் நாட்களையும் சேர்த்து இரண்டரை மாதம் வையுங்கள். மத்தேயு 28 அதிகாரம் அதற்கு அப்புறம். இடையிடையே, மனசு பாரமான நாளில், அதிகாரத்துக்குப் பதில் ஒரு சங்கீதம். வாசிக்கும்போது மூன்று கேள்வி போதும்: இந்த இடத்தில் இயேசு என்ன செய்கிறார், யாரைப் பார்க்கிறார், எதற்குக் கோபப்படுகிறார்?

கண்ணை மூடி எங்கேயாவது விரலை வைத்து அன்றைக்கு ஆண்டவர் சொன்னதாக எடுத்துக்கொள்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையும், காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற வசனப் படமும் நல்லதுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வாசித்தாயிற்று என்று விட்டுவிட்டால், கல்யாண வீட்டில் சந்தனம் மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் திரும்பிய மாதிரி.

6. எந்தப் பாஷையில் பேசுவது

மேடையில் கேட்ட ஜெபத்தைத் திருப்பிச் சொல்லாதீர்கள். நான் அடுக்கடுக்காகத் துதி வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருப்பேன், ஒன்றுகூட நான் பேசுகிற தமிழ் இல்லை. மத்தேயு 6:7-இலும் வீண்வார்த்தை வேண்டாம் என்றுதான் இருக்கிறது. கர்த்தருடைய ஜெபத்தையோ ஜெபமாலையையோ வழக்கமாகச் சொல்கிறவர்கள் அதை விட வேண்டாம். வார்த்தையே வராத நாளில் அவைதான் நம்மைத் தாங்கும். அதோடு உங்கள் சொந்தப் பேச்சும் இருக்கட்டும்.

நேற்று நடந்ததைச் சொல்லுங்கள். "நேத்து கடையில கணக்கு இடிச்சுது, முதலாளி எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு, எனக்கு அழுகை வந்துச்சு" என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் என் ஜெபம் முதல்முறையாக ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. சந்தோஷத்தையும் சொல்லுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, பையன் 'ழ' சரியாகச் சொன்னான்.

கோபத்தையும் சொல்லலாம். ஒரு தை மாதம், அறுக்கிற பருவத்தில் மழை அடித்து எங்கள் ஐந்து மா நிலத்து நெல்லும் சாய்ந்து முளைத்துவிட்டது. நான்கு மாதம் நான் ஜெபிக்கவில்லை. கோபமாக இருக்கும்போது அவர் முன்னால் போகக் கூடாது என்று நினைத்தேன். அது தப்பு. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிறது. அவற்றை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. கோபமாக இருந்தாலும் போய் உட்காருங்கள். பேசாமல் இருப்பதுதான் உறவை அறுக்கும்.

பகலிலும் ஒரு வரி பேசிப் பழகுங்கள். நெகேமியா ராஜாவுக்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த ஒரு நொடியில் ஜெபித்தான் (நெகேமியா 2:4). கொள்முதல் நிலைய வரிசையில் நிற்கும்போது, ஊசி போடக் குழந்தையைத் தூக்கிப் போகும்போது, இப்படி ஒரு வரி.

7. மனஸ்தாபம் இருந்தால் ஜெபம் அங்கேயே நின்றுவிடும்

இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வருடம் முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது, எங்கள் முறை இரவில் பங்காளி வீட்டார் மடையைத் திருப்பிவிட்டார்கள் என்று பெரிய சண்டை. பேச்சுவார்த்தை நின்றது. அந்த வீட்டு அக்காவும் நானும் ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தும் முகம் பார்க்க மாட்டோம். நான் காலையில் உட்காருவேன், வாசிப்பேன். பேச ஆரம்பித்தால் அந்த மடை விஷயத்திலேயே போய் முட்டும். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் வாய் அடைத்துப்போகும். இரண்டு மாதம் இப்படி.

மத்தேயு 5:23-24 அப்போதுதான் என் கண்ணில் பட்டது. காணிக்கை கொண்டுவந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார். எனக்கு அவர்மேல் குறை இருப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அவருக்கு என்மேல் குறை இருந்தால், என்றுதான் இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். சண்டையில் அந்த அக்காவின் பிள்ளையில்லாத குறையை நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்.

எப்படிச் செய்தேன் என்றால், முதல் வாரம் அந்த வீட்டார் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தேன், வேறொன்றும் இல்லை. இரண்டாம் வாரம் பைப்படியில் "அக்கா, முட்டிவலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் வாரம் வீட்டுக்கே போய், தண்ணீர் விஷயத்தை எடுக்காமல், "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சுடுங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் அழுதார். ஆண்களுக்குள் இன்றைக்கும் பேச்சு சுமுகம் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபோது எனக்கு மறுபடி வார்த்தை வந்தது. "நான் கற்பிக்கிறதைச் செய்தால் என் சிநேகிதராயிருப்பீர்கள்" என்று யோவான் 15-இல் ஒரு நிபந்தனை இருக்கிறதே, அது இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. மன்னிப்பது வேறு, அடி வாங்கிக்கொண்டு இருப்பது வேறு. வீட்டில் வன்முறை இருந்தால் ஜெபித்துப் பொறுத்துக்கொள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, கூப்பிடுங்கள்.

8. அவர் பேசுகிறாரா என்று எப்படித் தெரியும்

குரல் கேட்கும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. வாசித்த வரி ஒன்று பகல் முழுக்கக் கூடவே வரும். செய்ய வேண்டிய ஒரு காரியம் திரும்பத் திரும்ப மனசில் நிற்கும். அதை மூன்று விதத்தில் உரசிப் பாருங்கள்: சுவிசேஷத்தில் பார்த்த இயேசு இப்படிச் சொல்லக்கூடியவரா? நம்பிக்கையான, வயதில் மூத்த விசுவாசி ஒருவர் என்ன சொல்கிறார்? ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருக்கிறதா? "ஆண்டவர் உனக்கு இதைச் சொல்லச் சொன்னார்" என்று அடுத்தவர் சொல்லும் கல்யாணம், நிலம், பணம் பற்றிய வார்த்தைகளுக்கு இந்தச் சோதனை இன்னும் கட்டாயம்.

நோட்டு இதற்குத்தான். இடது பக்கம் தேதியும் அன்றைக்குச் சொன்னதும், இரண்டு வரி. வலது பக்கம் காலியாக விடுங்கள். மாதக் கடைசியில் திருப்பிப் பார்த்து, நடந்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். என் நோட்டில் வலது பக்கம் பாதி இன்னும் காலிதான். அதில் அப்பாவின் பெயரும் ஒன்று. அவர் குணமாகவில்லை, போய்விட்டார். அந்த இடத்தை நான் நிரப்பவில்லை.

9. பணம் கேட்கும் இடங்கள்

ஒருமுறை, பையனின் காய்ச்சல் சமயத்தில், ஒரு ஊழியர் விசேஷ ஜெபத்துக்கு என்று 3,000 ரூபாய் கேட்டார். கையில் இருந்த நடவுக் கூலிப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். பிறகு கூலிக்கு வட்டிக்கு வாங்கினோம். காணிக்கை என்பது மனமுவந்து, ரகசியமாக, முடிந்ததைக் கொடுப்பது. தொகை சொல்லிக் கேட்டாலோ, கொடுக்காவிட்டால் கெடுதல் வரும் என்றாலோ, மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். மனசு வாரக்கணக்கில் இருண்டு, தூக்கமும் பசியும் போயிருந்தால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், பணம் கட்ட வேண்டாம்.

பொருத்தனை (நேர்த்திக்கடன்) செய்கிறவர்கள் அவசரத்தில் பெரிதாகச் சொல்லிவிட்டுத் தவிக்கிறார்கள். "இது நடந்தால் அதைத் தருவேன்" என்று சிநேகிதரிடம் நாம் பேரம் பேசுவதில்லை.

10. விட்டுப்போகும் மாதங்கள்

விட்டுப்போனால் மறுநாள் 30 நிமிடம் என்று ஈடுகட்ட வேண்டாம், அது பாக்கி வசூல் இல்லை. வழக்கமான 15 நிமிடத்தோடு திரும்ப வாருங்கள்.

நம் பக்கம் எப்போது விட்டுப்போகும் என்று முன்கூட்டியே தெரியும். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்தால் அடுத்த சில வாரம் நாற்றங்கால், நடவு. தையில் அறுவடை. அந்த நாட்களில் 5 நிமிடத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். டிசம்பரில் கீத பவனி, கேக், விருந்தாளி என்று ஆண்டவர் பிறந்த மாதத்தில்தான் எனக்கு அதிக நாள் விட்டுப்போகிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, நடந்து போகிறவர்கள் வழியிலேயே இதைத் தொடரலாம். நடை ஜெபத்துக்கு நல்ல துணை. புதிதாகத் தொடங்க நல்ல சமயம் தவக்காலம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளை விட்டால் 40 நாள்.

தவறாமல் வாசித்தும் ஒன்றுமே தோன்றாத வாரங்களும் வரும். எனக்கு மூன்று முறை வந்திருக்கிறது, நீளமானது பதினோரு வாரம். அப்போது புது முறை எதுவும் தேடாமல், அதே நேரத்தில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். வாரம் ஒருமுறை என் ஓரகத்தியோடு சேர்ந்து ஜெபித்தது அந்த நாட்களில் பிடிமானமாக இருந்தது. அப்படி ஒரு ஆளை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாளில் பழகும் என்று கேட்பீர்கள். எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒருநாள் சாயங்காலம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில், சம்பளம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்த செய்தியோடு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்குச் சொல்லப் போனை எடுத்தேன். எண்ணை அழுத்துவதற்கு முன்பே, "ஆண்டவரே, பாத்தீங்களா" என்று வாய் முணுமுணுத்துவிட்டது.